சிக்கெடுத்தவள்

அவளை நல்லவள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நல்லவர்களை எனக்குத் தெரியும். எங்கள் ஊர் நகரியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். யார் என்ன சொன்னாலும் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் அந்த ரகம் இல்லை. சொன்னவன் வாசலில் போய் நின்று, "இன்னொரு தடவ சொல்லு, சரியா காதுல உழல" என்று கேட்கிற ரகம்.

பேரைச் சொல்ல மாட்டேன். அது அவளே வைத்த சட்டம். அவள் எடுத்த படங்கள் எதற்குக் கீழேயும் பேர் இருக்காது. "பேரு போட்டா ஒடம்ப உட்டுட்டு, இது யாரு பொண்டாட்டி, எந்த வூட்டு மருமவன்னு தேடுவானுங்க" என்பாள். அந்தப் படங்களில் இருந்தவர்கள் யாரும் துணி உடுத்தியிருக்கவில்லை என்பதால் சட்டத்தில் நியாயம் இருந்தது. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

அப்போது நான் திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைனர். காலையில் நகரியிலிருந்து ரயில், சாயங்காலம் திரும்ப ரயில். ஆல்பம் டிசைன் என்று பேர்தான் பெரிது, வேலை டச்சப். கறுத்த மணப்பெண்ணைச் சிவப்பாக்குவது, இடுப்பைப் பிடித்து உள்ளே தள்ளுவது, மாப்பிள்ளையின் பருவை அழிப்பது. முதலாளி இதில் சூரன். அவன் கைபட்ட கழுத்தை எந்தக் கல்யாண பேனரில் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். கழுத்தில் ஒரு மடிப்புகூட விடமாட்டான். பி.வி.சி. பைப் மாதிரி வழவழவென்று ஆக்கிவிடுவான். ஒரு தடவை மும்முரத்தில் ஒரு மணப்பெண்ணின் தொப்புளையே அழித்துவிட்டான். பெண் வீட்டார் ஆல்பத்தோடு வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

எனக்கு உடம்பில் வெண்புள்ளி உண்டு. விரல்களில், முழங்கையில், வாயோரத்தில். கல்யாணப் பார்ட்டி கண்ணில் படக்கூடாது என்று என்னைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தான். வேலைக்குச் சேர்ந்த வாரம் எனக்கு ஒரு ஐ.டி. கார்டு கொடுத்தான். அதில் என் முகம் முழுக்க ஒரே நிறம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாரும்மா, ஹீரோயின் மாதிரி இருக்கற" என்றான். ரயிலில் சீசன் டிக்கெட்டோடு அந்தக் கார்டைக் காட்டியபோது பரிசோதகர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது யாரும்மா?" என்றார். நியாயமான கேள்வி. என் கழுத்தில் யாரோ ஒருத்தி தொங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த ஸ்டுடியோவுக்கு மாதம் தவறாமல் ஒரு பெண் பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுத்துக்கொள்ள வருவாள். நல்ல கறுப்பு, நல்ல பருமன். கதவு முழுவதையும் அடைத்துக்கொண்டு நுழைவாள். கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்து பெஞ்சின் நடுவில் உட்காருவாள். முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமலே கேமராவைத் தூக்குவான். எடுத்து முடித்ததும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "டச்சப் ஒத்து" என்பாள். வேண்டாம் என்று அர்த்தம். படம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்து, வருகிற பெண்களையெல்லாம் பார்த்துச் சிரிப்பாள். மாதா மாதம் பாஸ்போர்ட் ஃபோட்டோ எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவள் உலகம் சுற்றுகிறவள் மாதிரியும் தெரியவில்லை.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரம்மாதான் சொன்னார். "தெரியாதா உனுக்கு? அது உங்க மொதலாளி பொண்டாட்டி. உட்டுட்டுப் போய்ட்டா. இப்ப கஸ்டமரா வந்து உசிர எடுத்துகினு இருக்கா."

போன கதையையும் அவரே சொன்னார். டச்சப் தொழில் சூடு பிடித்த புதிதில் முதலாளி கடை வாசலில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தான். இடது பக்கம் பிஃபோர், வலது பக்கம் ஆஃப்டர். பிஃபோரில் நைட்டியோடு, வீங்கிய முகமும் சரிந்த வயிறுமாக ஒரு பெண். ஆஃப்டரில் அதே பெண் ஒடிசலாக, சிவப்பாக, பைப் கழுத்தோடு. அது அக்கா. கர்ப்பம் கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்தில், சும்மா எடுக்கிறேன் என்று சொல்லி அவன் எடுத்த படம். மலைக்குப் போகிற ஜனம் மொத்தமும் அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறியது. கடைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்த அன்றுதான் அக்கா அதைப் பார்த்தாள். உள்ளே போய் ஆல்பம் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்து, பிஃபோர் பாதியை மட்டும் நறுவிசாக அறுத்துச் சுருட்டிக்கொண்டு, அப்படியே சித்தூர் பஸ் ஏறிவிட்டாள். சாப்பாட்டுக் கேரியர் வாசலிலேயே இருந்ததாம்.

இதைக் கேட்ட மறுமாதம் அவளுடைய பாஸ்போர்ட் படம் என் கம்ப்யூட்டருக்கு வந்தது. முதலாளி என் தோளுக்கு மேல் குனிந்து, "லைட்டா செவப்பு ஏத்து, தாடைய கொஞ்சம் குற" என்று முணுமுணுத்தான். அவளுக்குத் தெரியாமல் அவளைத் திருத்துவதில் அவனுக்கு ஒரு திருப்தி இருந்திருக்க வேண்டும். நான் ஒன்றையும் தொடாமல் பிரிண்ட் போட்டு, தடுப்புக்கு வெளியே வந்து, என் புள்ளி போட்ட கையால் அவளிடம் கொடுத்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள், பிறகு என் ஐ.டி. கார்டைப் பார்த்தாள்.

"யாரு மே இது?"

"தெரியாதுக்கா."

"ஞாயித்துக்கெழம சித்தூருக்கு வா. யாருன்னு பாக்கலாம்" என்றாள்.

அவளோடு பழகிய வருஷங்களில் அவள் ஒருவரையும் மன்னித்து நான் பார்த்ததில்லை. கார்வேட்டிநகரத்தில் அவளுக்குச் சொந்தம் உண்டு. அங்கே போகிற பிரைவேட் பஸ்ஸில் ஒரு கண்டக்டர், "ரெண்டு பேரு சீட்ட அடைச்சிகினு இருக்க, ரெண்டு டிக்கெட் எடும்மா" என்று பஸ்ஸே சிரிக்கச் சொன்னான். அடுத்த வாரம் அதே பஸ், நல்ல சந்தைக் கூட்டம். இரண்டு டிக்கெட் எடுத்துப் பக்கத்து சீட்டில் கேமரா பையை உட்காரவைத்தாள். கண்டக்டரின் மாமியார் வழியில் ஏறினார். பையை எடுக்கச் சொல்லி அவன் கெஞ்சினான். "டிக்கெட் இருக்குது, உக்காந்துகினு வரும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமியார் கார்வேட்டிநகரம் வரை நின்றுகொண்டே வந்து மருமகனைத் திட்டித் தீர்த்தார். இதை என்னிடம் சொல்லும்போது அக்கா வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பாவம் அந்த மாமியார் என்றேன். "பாவம்தான்" என்று ஒப்புக்கொண்டாள், ஆனால் சிரிப்பை நிறுத்தவில்லை.

சித்தூரில் ஒரு மாங்காய் மண்டிக்குப் பின்னால் மாடியில் அவளுக்கு ஒரு அறை. சீசனில் படி ஏறும்போதே பழ வாசனை மூக்கை அடைக்கும். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், ஒரு ஸ்டூல், ஒரு கறுப்புத் துணி, அவ்வளவுதான். கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் அவளுடைய படம், துணியில்லாமல். தானே டைமர் வைத்து எடுத்தது. மார்பு சரிந்திருக்கும். வயிற்றில் தழும்பும் வரியும் அப்படியே தெரியும். கண் மட்டும், வந்தவரை நேராகப் பார்த்து, என்ன இப்போ என்று கேட்கும். வருகிறவர்கள் முதலில் அதன் முன் நிற்க வேண்டும்.

"மொதல்ல நீ என்னப் பாரு. அப்புறம் நான் உன்னப் பாக்கறேன். இல்லன்னா கணக்கு சரியா வராது" என்பாள்.

அந்த ஸ்டூலில் யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மார்பை எடுத்துவிட்ட பள்ளிக்கூட டீச்சர். வெயில் பட்டு வலது கை மட்டும் கன்னங்கரேலென்று போன லாரி டிரைவர். பலமனேர் மார்க்கெட்டில் கூடை தூக்கித் தூக்கிப் பிடரியில் காய்ப்பு விழுந்த மனிதர். ஸ்ரீசிட்டி கம்பெனியில் நாள் முழுக்க நின்று கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்ட ஒரு பெண். எல்லாரும் வயதுவந்தவர்கள். எல்லாரையும் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டு, மூன்றாவது தடவையும் தானாக வந்தால்தான் எடுப்பாள். எனக்கும் அப்படித்தான். மூன்றாவது முறை நான் கேட்டபோது வாட்ஸப்பில் தமிழில் ஒரு வரி அனுப்பினாள். "நாளைக்கு சிக்கு எடுத்துட்டு வா. மத்தத நான் பாத்துக்கறேன்."

காலையில் எழுந்து தேங்காயெண்ணெய் வைத்து, பெரிய பல் சீப்பால் ஒரு மணி நேரம் தலை வாரினேன். எனக்கு இடுப்புக்குக் கீழே முடி. ஒரு சிக்கு விடாமல் எடுத்து, இறுக்கப் பின்னி, கனகாம்பரம்கூட வைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து, "இன்னாமே, பொண்ணு பாக்க வராங்களா?" என்றாள்.

"நீதானேக்கா சிக்கு எடுத்துட்டு வரச் சொன்ன."

அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெலுங்கில் சிக்கு என்றால் வெட்கம், மானம். வாயால் சொன்னால் நடுவில் ககரம் மெத்தென்று விழும், வித்தியாசம் தெரியும். தமிழில் எழுதினால் அதுவும் தலைமுடிச் சிக்கும் ஒன்றுதான். வெட்கத்தை எடுத்துவிட்டு வா என்று அவள் சொன்னதற்கு நான் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு போய் நின்றேன்.

சிரிப்பு அடங்கியதும் சொன்னாள். "தெலுங்குல ஒருத்தர ஊரு முன்னால அவமானப்படுத்தினா, சிக்கு தீசேசினாடுன்னு சொல்லுவாங்க. அவன் சிக்க எடுத்துட்டான்னு. எவனோ எடுத்தாத்தான் அவமானம். உன் சிக்க நீயே எடுத்து வெச்சிட்டா, அப்புறம் எடுக்கறதுக்கு எவனுக்கு இன்னா இருக்குது?"

அன்றைக்கு எடுத்ததுதான் என் படம். முதுகைக் காட்டி உட்கார்ந்து, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறேன். முகம் தெரியும். பின்னல் முதுகுத்தண்டு வழியாக நேராக இறங்கும். அதைச் சுற்றி வெள்ளையும் பழுப்புமாக என் தோல். அந்தப் பின்னலை அவள் அவிழ்க்கவிடவில்லை, பூவை மட்டும் எடுத்துவிட்டாள். படத்தைக் காட்டியபோது நான் ரொம்ப நேரம் பார்த்தேன். முதுகில் இவ்வளவு இருக்கும் என்று எனக்கே தெரியாது. அழகாக இருந்தேனா என்று கேட்டால், இருந்தேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

பெங்களூரில் ஒரு சின்ன ஹாலில் அவளுடைய கண்காட்சி நடந்தது. திருப்பதியில் இதையெல்லாம் கனவில்கூட மாட்ட முடியாது. வாசலிலேயே அந்த ஃப்ளெக்ஸ் துண்டை மாட்டியிருந்தாள். நைட்டி, வீங்கிய முகம், சரிந்த வயிறு, மேலே கொட்டை எழுத்தில் பிஃபோர். மூலையில் ஸ்டுடியோ பேர் பாதி அறுபட்டுத் தெரிந்தது. அதை மறைக்கச் சொன்னேன். "அதுக்குத்தானே இத்தன வருசம் சுருட்டி வெச்சிகினு இருந்தேன்" என்றாள்.

"ஆஃப்டர் எங்கக்கா?"

"உள்ள போய்ப் பாரு" என்றாள். உள்ளே நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

வாசல் ஃப்ளெக்ஸை யாரோ போனில் எடுத்து, ஃபோட்டோகிராபர்கள் குரூப்பில் போட்டுவிட்டார்கள். பாதிப் பேரே போதும், தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியாதா? முதலாளியின் போனில் இரண்டு நாள் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தபடி இருந்தன. அவன் அக்காவை ஒன்றும் செய்ய முடியாது. அவளிடம் எடுப்பதற்கு மிச்சம் என்று எதுவும் இல்லை. என்னைத்தான் பிடித்தான். பெங்களூர் போய், மாஸ்க் போட்டுக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்து, என் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். நகரியில் விசைத்தறி ஓட்டுகிற என் அண்ணனுக்குப் புது நம்பரிலிருந்து அதை அனுப்பினான். கூடவே ஒரு வரி. "உங்க வீட்டுப் பொண்ணு பெங்களூர்ல இன்னா தொழில் பண்ணுதுன்னு பாருங்க." எனக்குப் புத்தூரில் ஒரு இடம் பேசி, கிட்டத்தட்ட முடிந்திருந்த நேரம் அது. அது அவனுக்குத் தெரியும். லீவு கேட்டபோது நான்தான் சொல்லியிருந்தேன்.

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். தறி நின்றிருந்தது. அம்மா கையில் அவன் போன். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள், பிறகு தூரத் தள்ளிப் பார்த்தாள்.

"இது இவ இல்லடா" என்றாள்.

அண்ணன், "மூஞ்சி இவ மாதிரியே இருக்குதேம்மா" என்றான்.

"மூஞ்சி இருந்துட்டுப் போவுது. இவ மொழங்கையில வெள்ள எங்க? கழுத்துல மடிப்பு எங்க? பொறந்ததுலருந்து எண்ண தேச்சி வுட்டவ நானு. என் பொண்ணு ஒடம்பு எனுக்குத் தெரியாதா? இது எவளோ."

போனை வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் பயத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. முதுகு முழுக்க ஒரே நிறம். ஒரு புள்ளி இல்லை. இடுப்பு உள்ளே போயிருந்தது. கழுத்து, பைப். என்னை அழிக்க எடுத்த படத்தையே அவனால் டச்சப் போடாமல் அனுப்ப முடியவில்லை! பல வருஷப் பழக்கம். படம் மங்கலாக இருந்திருக்கும், கை சும்மா இருந்திருக்காது. ஊர் முன்னால் என்னை அசிங்கப்படுத்த உட்கார்ந்தவன், பழக்க தோஷத்தில் என்னையே அழித்துவிட்டிருந்தான்.

அண்ணனுக்கு மூச்சு வந்தது. "எவனோ கம்ப்யூட்டர்ல பண்ணிக்கீறான். உடு, நம்பர பிளாக் பண்ணிடறேன்" என்றான். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்தது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. சித்தூர் போனேன். அக்காவிடம் போனைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. முகம் கல்லாகிவிட்டது. தன் படம் வாசலில் தொங்கியதைப் பார்த்த அன்றும் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அது நானில்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது, என்ன செய்ய என்று கேட்டேன்.

"நீ இல்லன்னு சொன்னா நீ தப்பிச்ச" என்றாள். போனை என் கையில் திருப்பிக் கொடுத்து, "அவனும் தப்பிச்சான்" என்றாள்.

"புகார் குடுக்கணும்னா?"

"குடுக்கணும்னா அது நான்தான்னு நீ சொல்லணும். நான் சொல்ல முடியாது. எனுக்கு அவன கடிச்சித் துப்பணும் போல இருக்குது. அதனால என்ன யோசன கேக்காத."

சுவரோரம் என் படத்தின் பெரிய பிரிண்ட் துணி சுற்றி வைத்திருந்தது. அதைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் அதை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு நகரி வரை வந்தேன். கோபம் ஒரு பக்கம் கொதித்தது. அவன் அனுப்பியது அல்ல, என்னைத் துடைத்துவிட்டு அனுப்பியதுதான் அதிகமாக எரிந்தது. ஐ.டி. கார்டில் துடைத்தான், பொறுத்தேன். என் முதுகையும் துடைப்பானா?

கூடத்தில் சுவரில் சாய்த்துத் துணியை எடுத்தேன். "போன்ல வந்தது நான் இல்ல. இதான் நான். இதுலருந்து திருடி, அழிச்சி அனுப்பிக்கீறான்" என்றேன். அண்ணன் ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நைனா இல்லாதது நல்லதாப் போச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அம்மா போகவில்லை. கிட்டே வந்து, குனிந்து, முதுகின் கீழ்ப்பக்கத்தில் ஒரு இடத்தை விரலால் தொட்டாள்.

"இங்க புச்சா ஒரு வெள்ள வந்துக்குதே. ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

நான் அழுதது அப்போதுதான். மறுநாள் ஸ்டேஷனுக்கு என்னோடு வந்தவள் அம்மா. புத்தூர் சம்பந்தம் நின்றுபோனது. அண்ணன் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இது எல்லாவற்றையும் முதலாளி பேரில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

நம்பர் யாருடையது என்று போலீஸ் கண்டுபிடிக்க நாளாகவில்லை. தன் கடையில் வேலை செய்கிறவளின் அம்மணப் படத்தை வீட்டுக்கு அனுப்பினான் என்று பஸ் ஸ்டாண்ட் முழுக்கப் பேச்சு. கல்யாண ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. பெண்ணைப் பெற்றவன் எவன் அவனை இனி வீட்டுக்குள் விடுவான்? வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பார் போல, அக்காவுக்கு போன் செய்து சமாதானம் பேச வருவதாகச் சொன்னான். அக்கா என்னையும் வரச் சொன்னாள். "பேசினத பதிஞ்சி வெச்சிக்கீறேன், கேட்டுக்க" என்று ரெக்கார்டைப் போட்டுக் காட்டினாள். அதில் அவள் சொன்னது இவ்வளவுதான். "அவ தொங்கற செவுத்துல நீயும் தொங்கு. வந்து உக்காரு, நான் எடுக்கறேன். அதுக்கப்புறம் கேஸ பத்தி நீ அவளயே கேளு."

மத்தியானம் வந்தான். நல்ல வெளிச்சம். அவன் வருவதற்கு முன் அக்கா ஒரு காரியம் செய்தாள். எதிர்ச் சுவரிலிருந்த தன்னுடைய படத்தைத் திருப்பி, பின் அட்டை வெளியே தெரிகிற மாதிரி மாட்டினாள். யாருக்கும் அவள் அப்படிச் செய்ததில்லை.

என்னைப் பார்த்ததும் அவன், "இந்தப் பொண்ணு வெளிய இருக்கட்டும்" என்றான்.

"அவ ஒடம்ப நீ பாத்த இல்ல? அவளும் பாக்கட்டும்" என்றாள் அக்கா. "அதையும் எடு."

அதை என்று அவள் சொன்னது அவன் தலையில் இருந்ததை. நான் வேலை பார்த்த வருஷங்களில் அது விக் என்று எனக்குத் தெரியாது. ஊரிலிருந்தெல்லாம் ஜனம் வந்து மகிழ்ச்சியாக மொட்டை போட்டுக்கொண்டு திரிகிற திருப்பதியில், இவன் யாரோ கொடுத்த முடியை ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கிறான். சட்டையைக் கழற்றியவன், பேன்ட்டைக் கழற்றியவன், அதற்கு மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். பசை விடும் சத்தம் கேட்டது. மடியில் அதை வைத்துக் கையால் மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. சாதாரணத் தலை, சாதாரணத் தொப்பை, நெஞ்சில் நாலு நரைமுடி. பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பொய்.

அக்கா அவசரப்படவில்லை. ஃப்ளாஷ் வெட்டி வெட்டி அணைந்தது. "நிமுந்து உக்காரு." "தொப்பைய உள்ள இழுக்காத." "தாடைய கொஞ்சம் எறக்கு, சிரி." எல்லாம் அவன் மணப்பெண்களிடம் சொல்கிற வார்த்தைகள். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. அந்தப் பக்கம் திரும்பு என்றாள், திரும்பினான். எழுந்து நில் என்றாள், நின்றான். ஒரு கட்டத்தில் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதையும் எடுக்கிற மாதிரி கிட்டே போய் க்ளிக் செய்தாள்.

உடுத்திக்கொண்டு, ஒட்டிக்கொண்டு, வாசலில் நின்று என்னைப் பார்த்தான். "கேஸும்மா?"

"நடக்கட்டும் சார்" என்றேன்.

"நா சிக்கு மொத்தம் தீசேசினாவு கதா" என்று அக்காவிடம் அழுதான். என் மானம் மொத்தத்தையும் எடுத்துவிட்டாயே என்று. இரண்டு படி இறங்கியவன் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்தி, "மாட்டறதுக்கு முன்ன கொஞ்சம் டச்சப்பு..." என்றான். அக்கா கதவைச் சாத்தினாள்.

கேமராவை வாங்கி வைக்கலாம் என்று எடுத்தேன். பின்பக்கத் திரையில் சிவப்பு எழுத்து ஒன்று விட்டு விட்டு மின்னியது. மெமரி கார்டு இல்லை.

"அக்கா, கார்டே போடலியே."

"தெரியும்."

"ஒண்ணுகூட பதியலக்கா. அவ்ளோ நேரம் எடுத்தியே."

அவள் தன் படத்தைத் திருப்பி நேராக மாட்டிக்கொண்டிருந்தாள். வயிறும் வரிகளும் மறுபடி அறையைப் பார்த்தன. "ஊர்ல இருக்கற ஒடம்ப எல்லாம் எடுக்கறேன்னுதான் சொன்னேன்" என்றாள். "இவனுக்கு மட்டும் எடம் இல்ல. சிக்கு எடுத்தேன். ஃபோட்டோ எடுக்கல."

அந்த ஒரு காரியம் அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் விரோதம் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. ஒரு உடம்பையும் தள்ளாதவள் ஒரு உடம்பைத் தள்ளினாள். அதைப் பற்றி அவளிடம் நான் பேசவில்லை. பேசியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பாளே தவிர, சிரிப்பை நிறுத்தியிருக்க மாட்டாள்.

அக்கா இப்போது இல்லை. ஒரு மாங்காய் சீசனில் தூக்கத்திலேயே போய்விட்டாள். கேமராவும் படங்கள் வைத்த டிஸ்க்குகளும் என்னிடம் வந்தன. அந்தச் சேதி அவனுக்கும் போய்விட்டது. கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அவன் மெலிந்துகொண்டே போகிறான். கோர்ட்டு வராந்தாவில் என்னைப் பார்த்தால் கேஸைப் பற்றிக் கேட்பதில்லை. மற்ற நாளில் போன் வரும்.

"அம்மா, அந்த ஃபோட்டோங்க உங்கிட்டதான் இருக்குதாமே. யாருக்கும் அனுப்பிட மாட்டியே? அழிச்சிடும்மா, உனுக்குப் புண்ணியமாப் போவும்."

சில நாள் அழுகிறான், சில நாள் சாமி மேல் சத்தியம் கேட்கிறான். போனை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைக்கிறானாம், யாராவது அனுப்பியிருப்பார்களோ என்று. எனக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரியும். நகரிக் கூடத்தில், அம்மா போனைத் தூரத் தள்ளிப் பார்த்தாளே, அந்தக் கொஞ்ச நேரம் நான் பட்டது அது. அவன் அதை வருஷக்கணக்காகப் படட்டும்.

ஒவ்வொரு தடவையும் நான் பொறுமையாகக் கேட்பேன். பிறகு, மரியாதை குறையாமல், "பயப்படாதீங்க சார், ஒண்ணுகூட அழியாம பத்திரமா வெச்சிருக்கேன்" என்பேன்.